ஒட்டி ஒருத்தி, வெட்டி ஒருத்தி

எங்கள் வட்டாரப் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளிக்கு இருவர் போக வேண்டும். ஒருவர் தலைப்பை ஒட்டிப் பேச வேண்டும், மற்றவர் வெட்டிப் பேச வேண்டும். ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள் மேடையில் எதிர்ப் பக்கம்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, பிளஸ் ஒன் படிக்கும்போது, கடலூரிலிருந்து அப்படிச் சிதம்பரம் போனவர்கள் நானும் என் தோழியும். தலைப்பு: ‘மீனவர் குடியிருப்புகளைக் கரையிலிருந்து தள்ளி அமைப்பதே நல்லது.’ தோழிக்குத் தேவனாம்பட்டினம். அலை வீட்டைக் கொண்டுபோன பிறகு அவர்கள் இருந்தது தகரக் கொட்டகையில். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடல் பார்க்கப் போகிறவள். ஆனாலும் தமிழாசிரியை அவளை ஒட்டியும் என்னை வெட்டியும் பேச வைத்தார். “எதுத்துப் பேச கனமான குரல் வேணும். அது உனக்குத்தான் இருக்கு” என்றார் என்னிடம். இரண்டு பேச்சையும் அவரே எழுதினார். இரண்டிலும் ‘கடல் அன்னை’ மூன்று முறை வந்தாள்.

தோழியின் வீட்டிலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. சற்று உள்ளே தள்ளிப் புது வீடு தருவதாகச் சொல்லி, விருப்பம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் போக ஆசை. அப்பா கையெழுத்துப் போடவில்லை. கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

“நீ என்னா சொன்ன?” என்று கேட்டேன்.

“என்ன யாரு கேட்டா?”

அவள் எந்தப் பக்கம் என்று அந்தப் பதிலிலிருந்து தெரியவில்லை. எனக்கு என் பேச்சைவிட அதைத் தெரிந்துகொள்வதில்தான் அக்கறை அதிகமாக இருந்தது.

போட்டியன்று துணைக்கு அவள் அப்பா வந்தார். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் தமிழாசிரியை, நான்கு சீட்டு பின்னால் அவர். தோழி என் தாள்களை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல ஒண்ணுமே இல்லடி. எங்கப்பா சொல்றத எடுத்துக்க. வாசல்ல நின்னு தண்ணி நெறத்தப் பாத்தாதான் படக எறக்கலாமா வேணாமான்னு தெரியும். தள்ளிப் போயிட்டா எத வச்சுப் பாக்கறது?”

“ஏய், நீ எனக்கு எதிர்ப் பக்கம்டி.”

“எதிர்ப் பக்கத்துல சரக்கே இல்லன்னா நான் யாருகிட்ட பேசறது?”

மேடையில் அதைச் சொன்னேன். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அவள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்து பேர் கழித்து அவள் வந்தாள். மனப்பாடம் செய்ததை முதல் ‘கடல் அன்னை’ வரை சரியாகச் சொன்னாள். அங்கே நின்றாள். முன் வரிசையிலிருந்து தமிழாசிரியை அடுத்த வரியை உதட்டசைத்துக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

“வெட்டிப் பேசிய என் தோழி, தண்ணீரின் நிறம் பார்க்க வாசல் வேண்டும் என்றார். அது என் அப்பா சொன்னது. உண்மைதான்” என்றாள். பிறகு மேடைத் தமிழை விட்டுவிட்டாள். “ஆனா சுனாமி வந்த அன்னிக்கு எங்கப்பா கடல்ல இருந்தாரு. ஆழத்துல இருந்ததால அவருக்கு ஒண்ணும் ஆகல. வாசல்ல மீன் காய வச்சிக்கிட்டு இருந்தது நானும் அம்மாவும். கடலப் பாக்கறவரு அவரு. வூட்ல இருக்கறவுங்க நாங்க.”

மூன்றாம் நிமிட மணி அடித்தது. அவள் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்பாவுக்கு இன்னொண்ணு சொல்லணும்” என்று தொடங்கியபோது கடைசி மணியும் அடித்தது. வணக்கம் சொல்லி இறங்கினாள்.

அவள் அப்பாவின் வாதத்தைப் பேசிய எனக்கு இரண்டாம் பரிசு, ஓர் எவர்சில்வர் தட்டு. அவளுக்கு எதுவும் இல்லை. “எழுதிக் குடுத்தத விட்டுட்டு வூட்டுக் கதையப் பேசினா எப்படிடி மார்க் போடுவாங்க?” என்றார் தமிழாசிரியை.

திரும்பும் பஸ்ஸில் அவள் அப்பா எங்கள் சீட்டிலேயே ஓரமாக உட்கார்ந்தார். புதுச்சத்திரம் வந்ததும் அவளிடம் கேட்டார்.

“பாப்பா, மணி அடிச்சிட்டாங்களே, அப்ப என்னா சொல்ல வந்த?”

“போயிடலாம்பா. அவ்ளோதான்.”

“வலைய எங்க வைக்கறது?”

“கரையிலயே ஒரு கொட்டாய் போட்டுக்கலாம்.”

“அதுக்கு யாரு காவல்?”

“தெரியலப்பா.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன். மீனை எப்படிக் கொண்டு போவது, அம்மா எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று ஆலப்பாக்கம் தாண்டியும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். சிலவற்றுக்கு அவளிடம் பதில் இருந்தது. தெரியவில்லை என்று அவள் சொன்னபோதெல்லாம் அவர் தலையாட்டிக்கொண்டார். மேடையில் அந்தச் சொல்லை எங்களில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

நான்காம் நாள் அவள் இரண்டாவது பீரியடில்தான் வந்தாள். விருப்பம் எழுதி வாங்கும் இடத்தில் வரிசை நீளம் என்றாள். தாளில் அப்பா கையெழுத்துக்குக் கீழே சாட்சிக்கு இடம் இருந்ததாம். அங்கே அவளைப் போடச் சொல்லியிருக்கிறார். பதினாறு வயசு சாட்சி செல்லாது என்று அங்கிருந்த ஊழியர் அவள் கையெழுத்தின்மேல் கோடு போட்டு, அம்மாவைப் போட வைத்தாராம்.

“ஒத்தக் கோடுதான்” என்றாள். “அடியில இருக்கறத படிக்க முடியுது.”