மோட்டார்க்காரர் ஏற்றிய வேகம்

கணினிப் பெட்டியின் பின்பக்கத்தில் மூக்கை வைத்து மோட்டார்க்காரர் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார். கருகல் வாடை இல்லை. புறங்கையால் தகட்டைத் தொட்டார். சூடும் இல்லை. "மணக்கல, சுடல. அப்ப உசுரு இருக்கு" என்று பெட்டியிடமே சொன்னார். உள்ளே விசிறிகள் ஜோராகச் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகக் கிடந்தது.

மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், சொந்தக் கடை வைத்து, சொந்த வீடு கட்டி, மகளுக்குக் கைக்காசில் இந்தக் கணினியையும் வாங்கிக் கொடுத்தவர். எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே எங்கே போயிற்று என்று சொல்லிவிடுவார். யாராவது வியந்தால், "இதெல்லாம் படிச்சு வர்றதில்லைங்க, பட்டு வர்றது" என்பார். யாரும் வியக்காவிட்டாலும் சொல்வார்.

மகள் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்குகிறவள். காலையில் கிளம்பும்போது, "சாப்பிட்டதும் இந்தப் பொத்தானை மட்டும் அமுக்குங்கப்பா. நாலு மணி நேரம் ஓடி முழுப்படமா வந்துடும். சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வர்றேன். இது அவங்களுக்குப் புடிச்சுட்டா அடுத்த ரெண்டு கல்யாணமும் எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மோட்டார்க்காரருக்கு நாலு மணி நேரம் என்ற பேச்சே பிடிக்கவில்லை. அவர் வீட்டு மெஷின் என்ன மாட்டு வண்டியா?

கணினியின் மூளையான ப்ராசசரின் வேகத்தை ஏற்றலாம் என்று செல்போன் வீடியோவில் பார்த்து வைத்திருந்தார். பேச்சு தெரியாத பாஷை. கை எங்கே போகிறது என்று பார்த்தே பிடித்துக்கொண்டார். ஒரு படி ஏற்றினார், கணினி எழுந்தது. இரண்டாவது படி, துள்ளி எழுந்தது. அங்கே நிறுத்தினால் அவர் மோட்டார்க்காரர் இல்லையே! மூன்றாவது படியில் திரை அணைந்தது.

பிளக்கைப் பிடுங்கினார். மெமரிக் குச்சிகள் இரண்டையும் கழற்றித் துடைத்து, ஒன்றை மாட்டிப் பார்த்தார், மற்றதை மாட்டிப் பார்த்தார். ஊஹூம். வீடியோக்காரன் இன்னொரு வித்தையும் காட்டியிருந்தான். ஏற்றிய வேகமெல்லாம் போர்டின் ஞாபகத்தில் உட்கார்ந்திருக்கும். ஓரத்திலுள்ள இரண்டு ஊசிகளைத் திருப்புளியால் சேர்த்துத் தொட்டால் அத்தனையும் மறந்து, கடையிலிருந்து வந்த கோலத்துக்குத் திரும்பிவிடும்.

தொடுவதெல்லாம் ஒரு வேலையா? பட்டறையில், தேங்கிய மின்சாரம் அடிக்காமலிருக்க, கண்டன்சரின் இரு முனைகளையும் கம்பியால் கட்டிவிட்டுத்தான் மோட்டாருக்குள் கை வைப்பார்; வேலை முடிந்து மூடும்வரை அவிழ்க்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் செம்புக் கம்பியை எடுத்து இரண்டு ஊசிகளையும் சேர்த்து அழகாகக் கட்டினார். பிளக்கைச் சொருகி ஸ்விட்சை அமுக்கினார்.

இப்போது விசிறிகூடச் சுற்றவில்லை.

மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூக்கை வைத்தார். தண்ணீர் கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, அதுக்கு முத்தம் குடுத்துட்டிருக்கீங்க?"

"சும்மா இரு. மூச்சு இருக்கான்னு பாக்குறேன்."

"நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பீங்களா?"

"நீதான் தானா எந்திரிச்சுட்டியே!"

"இருக்கட்டும். புள்ளை ஆளுங்களோட வந்து நிக்கப் போறா. அவளுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற மனிதர் திருப்புளியை எடுத்துச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த வீட்டில் செம்புக் கம்பி எங்கே கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. துவைக்கிற சட்டையில் இருக்கும், தலையணை உறையில் இருக்கும், ஒருமுறை உப்பு ஜாடிக்குள்ளேயே இருந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி அடுப்படித் தகர டப்பாவில் போட்டு வைத்துப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடுவாள். இப்போதும் குனிந்து பார்த்தவள், "இங்கேயுமா கொண்டாந்து போட்டீங்க?" என்று கம்பியை இரண்டு விரலால் உருவி, வளையலில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"அடியே, அதைத் தொடா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். ஊசிகளைப் பார்த்தார். மறக்கச் சொல்லிக் கட்டியவர் அவிழ்க்காமல் விட்டால், அது பாவம் எப்படி எழும்? தலையில் தட்டிக்கொண்டு பிளக்கைச் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். விசிறி சுற்றியது. கீச்சென்று ஒரு சத்தம். திரை பளிச்சென்று விடிந்தது.

"வந்துட்டான்யா என் ராசா!" நாற்காலியைச் சுற்றி ஓர் ஆட்டமே போட்டார்.

வேகத்தை இரண்டாவது படிக்கு ஏற்றினார். மூன்றாவது படிப் பக்கம் போன விரலைத் தானே இழுத்துக்கொண்டார். மகள் காட்டிய பொத்தானை அமுக்கிவிட்டு, தகட்டின் மேல் புறங்கையை வைத்தபடி உட்கார்ந்தார்.

சாயங்காலம் அவர்கள் வந்தபோது படம் தயாராக இருந்தது. பெண்ணின் அத்தை, தான் ஆடிய இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிச் சிரித்தார். போகும்போது அடுத்த இரண்டு கல்யாணத்தையும் பேசி முடித்துவிட்டே போனார்கள்.

"எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது?" என்றாள், படம் முடிந்த நேரத்தைத் திரையில் பார்த்த மகள்.

மோட்டார்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு படி ஏத்தினேன். நடுவுல கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. வேற எவனா இருந்தாலும் கடைக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பான். ஆனா உங்கப்பன்..."

வளையலிலிருந்து கழன்ற கம்பி அடுப்படித் தகர டப்பாவுக்குள் 'டிங்' என்று விழுந்தது.

நெஞ்சைத் தட்டப்போன கை பாதியில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, விரலை நீட்டி, அடுப்படியைக் காட்டியது.