என் பெயரில் பந்து வீசியவன்

செங்கல்பட்டு என்ற பெயரில் ஒரு பேஸ்பால் அணி இருந்தது. தொண்ணூறுகளில் தொடங்கி ஆறேழு வருஷம் ஓடியது. ஆடியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். தொடங்கியவர் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். எங்கோ பயிற்சி முகாமுக்குப் போனவர் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய கிளவுஸ்களும் இரண்டு மட்டைகளும் கொண்டுவந்தார். நாங்கள் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். புதுப்பட்டினத்தில் வாடகை வீடு. மாஸ்டரும் புதுப்பட்டினத்தில்தான் இருந்தார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் காலை பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுவார். கபடியில் மாநிலப் போட்டிவரை போக எத்தனையோ ஊர்களை ஜெயிக்க வேண்டும், இதில் அணிகளே நாலைந்துதான், ஒன்பது பேர் ஒழுங்காக நின்றால் நேராக மாநிலப் போட்டிதான் என்பார். அவர் சொன்னதை நம்பி ஒரு வங்கி ஊழியர், இரண்டு ஆசிரியர்கள், தபால்காரர் ஒருவர், என் அலுவலகத்து ஆட்கள் சிலர் என்று சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பட்டினத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல் திடலில் பயிற்சி. சிமெண்டுப் பைகளில் மணலை நிரப்பி நாலு மூலையிலும் போட்டுக்கொள்வோம். நான் கேட்ச்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிட்ச்சர் வீசும் பந்தைப் பிடிப்பவன். பந்து முகத்தில் படாமலிருக்க எனக்கு மட்டும் இரும்புக் கம்பி வைத்த முகமூடி. மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "மூஞ்சிக்கு இன்னாத்துக்கு நைனா ஜன்னலு?" என்று ஒரு அம்மாள் கேட்டது பல நாள் எங்களுக்குள் பேச்சாக இருந்தது.

ஆள் சேர்ந்ததே தவிர, பிட்ச்சர் அமையவில்லை. வீசியவர்கள் எல்லோருடைய பந்தும் தலைக்கு மேலேயோ தரையிலோதான் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அவன் வந்தான்.

திடலுக்கு எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அடித்த பந்து ஒன்று அங்கே போய் விழுந்தது. ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் அதை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். அங்கிருந்தே வீசினான். நெஞ்சுக்கு நேரே நான் வைத்திருந்த கிளவுஸை அசைக்கவே இல்லை. பந்து வந்து அதற்குள் விழுந்தது. உள்ளங்கை விர்ரென்றது. மாஸ்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி ஓடினார்.

அவன் பக்கத்துக் காலனியைச் சேர்ந்தவன். பத்தாவது முடித்துவிட்டுக் கட்டட வேலைக்கு வந்திருந்தான். தரையில் நின்று சாரத்தின் மேல் நிற்கும் ஆளுக்குச் செங்கல்லை ஒவ்வொன்றாக வீசுவது அவன் வேலை. மேலே இருப்பவன் எட்டிப் பிடித்தால் கால் தவறிவிடும், அதனால் அவன் கை இருக்கும் இடத்துக்கே கல் போக வேண்டும் என்று பின்னால் ஒருநாள் எனக்கு விளக்கினான். அவன் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர்கள். அவன் காலத்தில் வயல்களே மனைகளாகிவிட்டன.

ஞாயிறுகளில் அம்மாவைச் சர்ச்சில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வருவான். முதல் மாதத்திலேயே எங்களில் யாராலும் அவன் பந்தை அடிக்க முடியவில்லை. இரண்டு வருஷம் அவன் வீசினான், நான் பிடித்தேன். எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. விரலை மடக்கிக் காட்டினால் புரிந்துகொள்வான். என்னை அண்ணாத்த என்று கூப்பிட்டான்.

பிறகு அரசு, வங்கி ஊழியர்களுக்கான மாநில அளவுப் போட்டி ஒன்று சென்னையில் நடக்கப் போவதாக மாஸ்டர் சொன்னார். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டையில் உரசித் திரும்பிய பந்து ஒன்று என் வலது கை மோதிர விரலை உடைத்தது. கட்டுப் போட்டுக்கொண்டு விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தேன். அணிப் பட்டியலில் என் பெயர் ஏற்கெனவே போயிருந்தது. அவனோ எந்த அலுவலகத்திலும் ஊழியன் இல்லை. என் அடையாள அட்டையோடு அவனை இறக்கலாம் என்று மாஸ்டர்தான் முதலில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அட்டையிலிருந்த படம் மங்கிப்போயிருந்தது. இருவருக்கும் ஒரே மாதிரி மீசை.

மூன்று ஆட்டத்திலும் அவனே வீசினான், என் இடத்தில் மாஸ்டர் பிடித்தார். இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை. நான் பார்வையாளர் பெஞ்சில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தேன். பரிசளிப்பில் சிறந்த பிட்ச்சர் என்று என் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பெயரைக் கேட்டதும் நான் பாதி எழுந்துவிட்டேன். வங்கி ஊழியர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் அதற்குள் மேடையேறி வாங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் சான்றிதழை என்னிடம் நீட்டினான். நீயே வைத்துக்கொள் என்றேன். "உன் பேர் போட்டது எனக்கு இன்னாத்துக்கு அண்ணாத்த?" என்று சிரித்தபடி என் மடியில் வைத்தான். அதில் அவனுக்கு அப்போது வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அலுவலகத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பணிப் பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டார்கள். விரல்தான் உடைந்திருக்கிறதே, எப்படி வீசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இறுதி ஆட்டத்தில்தான் உடைந்தது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை, அணியில் இருந்த அலுவலகத்து ஆட்களும் திருத்தவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். மாநில அளவுச் சான்றிதழ் வேண்டும். இந்த வருஷம் விட்டால் அவனுக்கு வயது தாண்டிவிடும்.

"அன்னிக்கு வெளாண்டது நான்தான்னு நீயும் மாஸ்டரும் எய்திக் கையெழுத்து போட்டா, போட்டி நடத்துனவங்க வேற சர்டிபிகேட் தருவாங்களாம். விசாரிச்சிட்டேன்" என்றான்.

என் மனைவி அப்போது ஏழு மாதம். வேலை நிரந்தரமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அடையாள அட்டையை வேறொருவனுக்குக் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாக்கலாம், மாஸ்டர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்றேன். சரி அண்ணாத்த என்று போய்விட்டான். காபி போட்டுக்கொண்டு வந்த மனைவி, அதற்குள் போய்விட்டாரா என்று கேட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் மாஸ்டரிடம் சொன்னேன்.

"நான் போடறேன். எனக்கும் பிரச்சினை வரும், வரட்டும். ஆனா பேரு உன்னோடது. நீ போடாம நான் போட்டுப் பிரயோஜனமில்ல" என்றார்.

அதற்குப் பிறகு நான் அரைமணி முன்னதாகக் கிளம்பும் பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். மாஸ்டரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் உடல்நிலையைக் காரணம் சொன்னேன். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி வந்தது, போனது. அந்தக் கடிதம் செல்லுமா செல்லாதா என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை. அவன் எங்கள் அலுவலகத்தில் ஒருவனாக, தினமும் எதிர் மேஜையில் உட்கார்கிறவனாக இருந்திருந்தால் இப்படி நாளைக் கடத்தியிருப்பேனா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். கடத்தியிருக்க மாட்டேன். அவன் காலனிக்காரன், கட்டட வேலைக்காரன், கேட்க ஆளில்லாதவன் என்பது என் மனதின் ஓரத்தில் எங்கோ இருந்திருக்கிறது.

அவன் திடலுக்கு வருவதை நிறுத்தினான். ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்து வந்த இரண்டு போட்டிகளில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். தபால்காரர் மாற்றலாகிப் போனார். பிறகு மாஸ்டரையும் திருவண்ணாமலைப் பக்கம் மாற்றினார்கள். கடைசி ஞாயிறு என்று ஒன்றை யாரும் அறிவிக்கவில்லை. ஒரு வாரம் நாலு பேர் வந்தோம். கொஞ்ச நேரம் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தோம். அடுத்த வாரம் நான் போகவில்லை. மற்றவர்களும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

சுனாமி வந்த மறு வருஷம், வீடிழந்தவர்களுக்குக் கட்டப்படும் வீடுகளைப் பார்த்துப் பட்டியல் சரிபார்க்க எங்கள் அலுவலகத்திலிருந்து சிலரை அனுப்பினார்கள். எனக்கு நெம்மேலிப் பக்கம் விழுந்தது. வரிசையாகச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு சுவருக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவன்தான். தலை பாதி நரைத்திருந்தது. இப்போது கொத்தனார். அவனுக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்த்தார்கள்.

"வா அண்ணாத்த" என்றான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நிழலாக இருந்த ஒரு அறைக்குள் கூட்டிப்போய்க் கவிழ்த்து வைத்த கலவைப் பாண்டு ஒன்றின் மேல் என்னை உட்கார வைத்தான். டீ சொன்னான். இரண்டு பெண்கள், பெரியவள் எட்டாவது படிக்கிறாள், தன் அம்மா இறந்து மூன்று வருஷம் என்று சொன்னான். நான் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், தப்பு செய்துவிட்டேன் என்றேன். ஒன்பது வருஷமாக மனதில் வைத்திருந்ததைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் டீயைக் குடித்து முடித்தான்.

"நீ போட மாட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. வேல போயிடும்னு பயம், அது எனக்குப் புரியாதா? நீ பாக்கலாம்னு சொன்ன. நான் அத நம்பி ரெண்டு மாசம் வெளியூர் வேலைக்குப் போவாம வூட்லயே கெடந்தேன். நீ வருவ, இல்ல ஆள் அனுப்புவன்னு பாத்துகினு இருந்தேன். எங்கம்மா தெனம் கேக்கும், வந்தாரா வந்தாரான்னு."

குரலில் கோபம் இல்லை. மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவனை இன்னொரு முறை சங்கடப்படுத்தியிருப்பேன். வெளியே யாரோ கலவை கேட்டுக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான். நான் மீதி வீடுகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பும்போது தூரத்திலிருந்து கையை உயர்த்தினான்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுவதையும் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் போடச் சொல்லியிருப்பேன் என்றாள். சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதும் அவனைக் கடற்கரைச் சாலையில் எப்போதாவது பார்க்கிறேன். வண்டியை ஓரம் கட்டி நிற்பான். பெரிய பெண் நர்சிங் முடித்துவிட்டாள், சின்னவள் கல்லூரியில் என்பான். என் பையனைப் பற்றிக் கேட்பான். பத்து நிமிஷம் பேசுவோம். ஆட்டத்தைப் பற்றி அவனும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.