பதினேழு நிமிடம் இருபது விநாடி

என் மேசையில் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டி இருக்கிறது. உள்ளே பழைய நாலணா அளவில் ஒரு வெள்ளை வில்லை. மூடியைச் சுற்றி ஏழு சுற்று டேப். அதன்மேல் கறுப்பு மையில் 'திறக்காதீங்க' என்று எழுதி, கீழே மூன்று கோடுகள். எழுதியவர் என் மனைவியின் தம்பி. அவர் என்னை மாமா என்பார்; நான் அவரை மாப்ள என்பேன்.

அவர் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். என் மனைவி காலமான பிறகு, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அரியலூருக்கு வந்து என்னோடு அரை நாள் இருந்துவிட்டுப் போவார். வடைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, "பருப்ப எண்ணிட்டீங்கன்னா சொல்லுங்க மாமா, நான் சாப்புடணும்" என்று என் எண்ணும் பழக்கத்தைக் கேலி செய்வார். அந்த வீட்டில் வாரம் முழுவதும் வேறு பேச்சுக்குரல் கேட்காது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சத்தம்தான்.

அவருடைய பேச்செல்லாம் பேட்டரியைப் பற்றியே இருக்கும். லித்தியம் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு திரவம் இருக்கிறது, தீப்பற்றுவது அதுதான், அதன் இடத்தில் எரியாத பீங்கான் ஒன்றை வைத்து, லித்தியம் அயனிகளை மட்டும் அதன் வழியே போய்வர விட்டால் பயமில்லை என்று விளக்குவார். நான் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். பொடியை அரைப்பது, அச்சில் அழுத்துவது, உலையில் சுடுவது எல்லாம் எனக்கும் தெரிந்த வேலைகள். அதனால் அவருக்குப் பேச ஆள் கிடைத்தது, எனக்கும்தான்.

அவர் புதிதாகச் சேர்த்த கலவையில் பதினெட்டு வில்லைகள் சுட்டார். பதினேழு விரிசல் விட்டன. தேறிய ஒன்றைத்தான் ஈரக்காற்றே இல்லாத பெட்டிக்குள் வைத்து இந்தப் புட்டியில் அடைத்து என்னிடம் கொண்டுவந்தார். ஈரக்காற்று பட்டால் மேலே தோல்போல ஒரு படிவு வந்து அயனிகளுக்கு வழி அடைத்துவிடும். காற்றே படாமல், நம் ஊர் வெயிலில், ஆறு மாதம் அது கெடாமல் இருந்தால் கலவை தேறியது என்று பொருள். அந்த முடிவைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லிக் கடலோர ஊர் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சேர விண்ணப்பித்திருந்தார். வயது வரம்புப்படி அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. கல்லூரி ஆய்வகத்துச் சாவி நாலு பேர் கையில் இருந்தது. "உங்க வூட்டுல ஒரு கரண்டி எடம் மாறுனாக்கூட கண்டுபுடிச்சிடுவீங்க. இங்கயே இருக்கட்டும்" என்றார்.

ஆலையில் மணிக்கொரு மாதிரி வரும். திறப்போம், நிறுப்போம், எழுதுவோம். திறந்து பார்க்காத மாதிரியை நாங்கள் மாதிரி என்றே சொல்வதில்லை. நான் ஓய்வு பெற்றபோது ஆய்வகத்தின் பழைய தராசை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நாலு தசம இடம் காட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமையே கை நிற்கவில்லை. டேப்பைப் பிரித்து, இடுக்கியால் வில்லையை எடுத்து, நிறுத்து, திரும்ப உள்ளே போட்டு, அதே ஏழு சுற்றுச் சுற்றி, எடையை ஒரு நோட்டில் எழுதினேன். நாற்பது விநாடிதான். கெடுகிறதா என்று பார்த்துக்கொள்வதே காவல் என்று நினைத்தேன். எடை கொஞ்சம் ஏறியபோது கவலை வந்தது. கவலை வந்ததால் அடுத்த ஞாயிறும் திறந்தேன். இப்படி இருபத்தாறு ஞாயிறு.

ஆறு மாதம் கழித்து அவர் புட்டியை எடுத்துப்போய்ச் சோதித்தார். அடுத்த சனிக்கிழமை வில்லையோடு அதைப் பழையபடி டேப் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அன்று வடை வாங்கி வரவில்லை. கலவை தானாகவே கெடுகிறது, ஆய்வுக்கூடத்துக்கு அப்படியே எழுதிவிட்டேன், விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்றார். நான் சோறு போட்டேன். திறந்ததைச் சொல்லவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் சொல்லவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இருபத்தாறு தேதி, இருபத்தாறு எடை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுக் கூடுதல். விரலை வரிவரியாக நகர்த்திக் கடைசிவரை படித்தார்.

"புட்டியோட சேத்து நிறுத்திருக்கலாமே மாமா. உள்ள காத்து போயிருந்தா அதுலயே தெரிஞ்சிருக்குமே."

புட்டியின் கனத்தில் வில்லையின் கனம் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்ததாகச் சொன்னேன். நாலு தசம இடம் காட்டும் தராசை வைத்துக்கொண்டு ஒரு கெமிஸ்ட் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

"லெட்டர் போயிடுச்சு மாமா. அந்த எடத்துக்கு ஆளும் எடுத்துட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நோட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் போனார்.

அந்த எடைகளை வைத்து மறுபடி ஒரு கடிதம் எழுதினாரா, நோட்டைக் கிழித்துப் போட்டாரா, தெரியவில்லை. போன் செய்தால் மணி அடித்து அடித்து நிற்கிறது. அவர் வந்து அறுபத்தொரு சனிக்கிழமை ஆகிவிட்டது. நாற்பது விநாடியை இருபத்தாறால் பெருக்கினால் பதினேழு நிமிடம் இருபது விநாடி. அரியலூர்க் காற்றில் அந்தப் புட்டி திறந்திருந்த நேரம் மொத்தமே அவ்வளவுதான்.

இப்போதும் ஞாயிறு காலையில் தராசைத் துடைக்கிறேன். புட்டியை மூடியோடு, டேப்போடு அப்படியே தட்டில் வைக்கிறேன். போன வாரத்து எடையேதான். ஒரு புள்ளிகூட மாறவில்லை. புது நோட்டில் அதை எழுதிவிட்டு, "தெறக்கல மாப்ள" என்று சொல்லிப் புட்டியை இருந்த இடத்திலேயே வைக்கிறேன்.