ஸே என்ற ஒரு சொல்

ரங்கூனில் தாமுவே வட்டாரத்துக் கருப்பையா கண்ணாடி ஊதுகிறவர். கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில் குடுவையும் குழாயும் ஊதிக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்த மனிதர். எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சிக்கு எதிராகப் போராட்டம் வெடித்து வகுப்புகளைப் பூட்டினார்கள்; கருப்பையாவின் வேலையும் போனது. அதன் பிறகு வீட்டின் பின்கட்டில் நெருப்புக்குழலை வைத்து, மருந்துக் கடைகளுக்குச் சொட்டுக்குழாய் ஊதிக் காலத்தைத் தள்ளினார்.

மனைவி கமலாட்சிக்கு இழுப்பு நோய். மழைக்காலம் வந்தால் அவள் மூச்சுவிடும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஊருக்கெல்லாம் மருந்துக்குழாய் ஊதுகிறோம், இவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று கருப்பையா உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார்.

தொண்ணூற்றெட்டில் கமலாட்சியின் அண்ணன் வடிவேல் வந்தார். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் வெளியூருக்குச் சாமான் அனுப்புகிறவர். கையில் ஒரு படம். சின்னக் கண்ணாடிக் கிண்ணம், அதிலிருந்து வளைந்த ஒரு குழாய்.

"இது என்னா மச்சான்?"

"ஸே மாப்பிள்ளே, ஸே. கெட்டியான எண்ணெயா இருக்கும். கிண்ணத்துல ஒரு சொட்டு வச்சு, அடியில சூடு காட்டி இழுக்கணும். பாங்காக்குல கேக்குறாங்க."

ஸே என்ற பர்மியச் சொல்லுக்குள் ரங்கூனில் பல பொருள் அடங்கும். ஆஸ்பத்திரி மாத்திரையும் ஸேதான், சாயமும் ஸேதான், புகையிலையும் ஸேதான். சூடு காட்டி இழுக்கிற எண்ணெய் என்றதும் கருப்பையாவுக்கு இழுப்பு மருந்தைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அவர் புத்தி முழுக்கக் கமலாட்சியின் நெஞ்சிலேயே இருந்தது.

"இவளுக்கும் அந்த எண்ணெய் கிடைக்குமா மச்சான்?"

வடிவேல் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "கொண்டாறேன்" என்றார். மறுவாரம் ஒரு சின்னப் புட்டி வந்தது.

கருப்பையா படத்தில் இருந்தபடி ஊதிய குழாயில் கமலாட்சி இழுத்துப் பார்த்து, சூடு தொண்டையைச் சுடுகிறது என்றாள். கருப்பையா விடுவாரா? குழாயின் நடுவே தண்ணீர் நிற்க ஒரு குடுவை ஊதிச் சேர்த்தார். "இப்ப லேசா இருக்குங்க" என்றாள். பாங்காக்குக்கும் அப்படியே போனது, இருமடங்கு கேட்டார்கள். கிண்ணம் சூட்டில் விரிசல் விட்டது. கிண்ணத்தைத் தனியாகக் கழற்றி மாட்ட, காற்றுக் கசியாத மூட்டு ஒன்று செய்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் கமலாட்சி இழுத்துப் பார்ப்பாள். லேசா இருக்கு என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக மனிதர் விரல் வெந்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் வடிவேல் டைட்டானிய ஆணி ஒன்றைக் கொண்டுவந்தார். தலை தட்டையான ஆணி. அதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் எண்ணெயை வைக்க வேண்டுமாம். மருந்துக்கு இவ்வளவு சூடு எதற்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். கருப்பையா கேட்கவில்லை, ஆவி வீணாகிறதே என்றுதான் கவலைப்பட்டார். ஆணியைச் சுற்றிக் கவிழ்க்க ஒரு கண்ணாடிக் கூண்டு ஊதிக் கொடுத்தார்.

அந்தக் கூண்டைச் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்று பாங்காக்கிலிருந்து ஒரு பர்மாக்காரர் தாமுவேக்கே வந்துவிட்டார். கருப்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டு பர்மிய மொழியில் புகழ்ந்தார்.

"ஸேச்சௌ எண்ணெய் இழுக்கிற பையன்களெல்லாம் உங்கள் பெயரைக் கேட்கிறார்கள், கருப்பையா ஐயா."

ஸேச்சௌ. காய்ந்த ஸே. ரங்கூனில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கஞ்சா. கருப்பையா வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராகப் படகுத்துறைக்குப் போனார்.

வடிவேல் மழுப்பவில்லை. "ஸேன்னுதானே சொன்னேன்? மருந்துன்னு நீங்களா எடுத்துக்கிட்டா நான் என்னா செய்ய?"

"அவளுக்குக் குடுத்த புட்டியில என்னா இருக்கு?"

"வெறும் நீலகிரித் தைலம். எந்தங்கச்சிக்குக் கெட்டது குடுப்பனா?"

பதினோரு வருஷம். கருப்பையா வீட்டுக்கு வந்து கமலாட்சியிடம் ஒன்றுவிடாமல் கொட்டினார். உன் அண்ணன் நம் இரண்டு பேர் தலையிலும் மிளகாய் அரைத்துவிட்டான் என்றார். அவள் அழுவாள், அண்ணனைத் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியுங்க" என்றாள். "மொத நாளே தைல வாசம் தெரிஞ்சிடுச்சு. அண்ணன்கிட்ட கேட்டேன், எல்லாத்தயும் சொல்லிச்சு. நீங்க எனக்காக ஊதறோம்னு அம்புட்டு சந்தோஷமா இருந்தீங்க. எப்பிடிங்க சொல்றது?"

"லேசா இருக்குன்னு சொன்னது?"

அவள் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். வடிவேல் செய்தது வியாபாரம்; அவரை வாசலோடு நிறுத்திவிடலாம். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து, தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாளே என்பதுதான் கருப்பையாவுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் கமலாட்சிக்கு இழுப்பு கண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கருப்பையா எழுந்து ஓடினார். முதுகைத் தடவக் கை நீட்டியவர், இவளுக்கு நிஜமாகவே மூச்சு முட்டுகிறதா என்று ஒரு கணம் நின்று பார்த்தார்.