பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கா?

1. செருப்பு ஸ்டெல்லா

எனக்குக் கரண்ட் என்றால் பயம். தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையிலேயே தலை நரைத்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சீனியர் ஒருவர் பழைய மானிட்டர் ஒன்றின் பின்மூடியைக் கழற்றினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றினார். ஆனாலும் பிக்சர் டியூபில் மிச்சமிருந்த கரண்ட் அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. மனுஷன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான்தான் அன்று முழுக்க எந்த மெஷின் பக்கமும் போகவில்லை. பிடுங்கிப் போட்ட பொருளுக்குள் கரண்ட் எப்படி இருக்கும்?

"இப்படிப் பயந்தா இந்தத் தொழில்ல எப்படிம்மா குப்பை கொட்டுவ?" என்றார் முதலாளி.

"பயந்துகிட்டே கொட்டுறேன் சார்."

மறுநாளிலிருந்து ரப்பர் செருப்பு இல்லாமல் எந்த மெஷினையும் நான் தொட்டதில்லை. தொடும்போதும் முதலில் புறங்கையால்தான். உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல் மடங்கி அந்தப் பொருளையே பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும். கடையில் எனக்கு 'செருப்பு ஸ்டெல்லா' என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும், உயிர் என்னுடையது.

2. ரியாஸின் பட்ஜெட்

பிராட்பேண்ட் வந்த புதிதில், வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளில் வரிசையாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அப்படி ஒரு வீடு நாகூரில் ரியாஸுடையது. அண்ணன் நிஜாம், அவன் வாயில் 'நானா', குவைத்தில். அத்தா காலமாகிவிட்டார். வீட்டில் இவனும் உம்மாவும் மட்டும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, இவனும் விசாவுக்குக் காத்திருந்தான். காத்திருக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டுமே, நாள் முழுக்கக் கேம்.

புதிதாக வந்த கார் ரேஸ் கேம் அவனுடைய பழைய மெஷினில் ஓடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் படம் உறைந்துபோய் நின்றதாம். நாகூரிலிருந்து மெஷினைக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்துவிட்டான்.

"அக்கா, நானா அனுப்புன பணம் இவ்வளவுதான். இதுல எந்தப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வருமோ அதப் போட்டுடுங்க. வேற எதையும் தொட வேணாம்."

பட்ஜெட்டில் மெஷினை மேம்படுத்த வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். பிராசஸர் பரவாயில்லை, இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். மதர்போர்டில் புதுக் கார்டுக்கான ஸ்லாட் இருந்தது. ரேம் போதாது. SMPS-தான் சரியில்லை. சுவரிலிருந்து வரும் கரண்ட்டைக் குறைத்து, போர்டுக்கும் கார்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.

"எப்படி இருக்கு?"

"லேசா இருக்குக்கா."

"காலி பிஸ்கட் டப்பா கூட இதவிடக் கனமா இருக்கும். உள்ள ஒண்ணுமே இல்ல. இதுல பெரிய கார்டப் போட்டா ஒரு நாள் புகைஞ்சிடும். கார்டு, போர்டு எல்லாத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடும்."

"SMPS-ல காசப் போட்டா கேம்ல தெரியுமா?"

"போட்டா தெரியாது. போடலன்னா நல்லாத் தெரியும்."

பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். கார்டில் ஒரு மாடல் கீழே இறங்கினான். மிச்சத்தில் ஒரு ரேம், ஒரு நல்ல SMPS. அது போகக் கையில் கொஞ்சம் நின்றது. அந்தப் பணத்துக்கும் நான் ஒரு செலவு வைத்திருந்தேன்.

"வீட்டுல எர்த் இருக்கா தம்பி?"

"மூணு ஓட்டை பிளக்தான் இருக்கு."

"ஓட்டை இருந்தா எர்த் இருக்குன்னு ஆயிடுமா? அந்த ஒயரு மண்ணுக்குள்ள போகணும். குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, பைப்ப எறக்கி, தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். உங்க ஊரு கடற்கரை மணல் வேற. காஞ்சா எர்த்தே இருக்காது."

"எர்த் குழி வெட்டுனா கேம் வேகமா ஓடுமாக்கா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவன் அந்த மிச்சத்தையும் போட்டு, ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த பெரிய கார்டையே வாங்கிக்கொண்டான். குழிக்கு அடுத்த மாதம் நானா அனுப்பட்டும் என்றான்.

3. இரண்டு பயந்தாங்கொள்ளிகள்

பாகங்களை மாட்டிக் கொடுக்க நாகூர் போனேன். ரியாஸின் உம்மா பாத்திமா வாசலுக்கே வந்து அழைத்துப்போய், நாகூர்ப் பலகாரமான இறால் வாடாவும் டீயும் கொடுத்தார். வீடு முழுக்க மொசைக் தரை, அதில் அப்போதுதான் துடைத்த ஈரம். உம்மாவும் மகனும் வெறுங்காலோடு நடந்தார்கள். நான் மட்டும் கேட்டுக்கொண்டு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மெஷின் ஆன் ஆனது. கார்கள் பறந்தன. ரியாஸ் குதித்தான். குதித்தவனின் கால் கம்ப்யூட்டரின் இரும்புக் கேபினட்டில் பட்டது.

"ஆ! சுருக்குனு அடிக்குதுக்கா! பழசு அடிக்கவே இல்லையே! நல்ல SMPS நல்ல SMPS-னு சொல்லி ஷாக் அடிக்கறதக் குடுத்துட்டீங்களே!"

நல்ல SMPS-இல் ஃபில்டர் இருக்கும். அது கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்குத் தள்ளும். எர்த் இல்லை என்றால் அந்தக் கரண்ட் கேபினட்டிலேயே நிற்கும். மலிவுப் பெட்டியில் ஃபில்டரே கிடையாது, அதனால் சொல்லாமல் இருந்தது. வீட்டில் எர்த் இல்லை என்பதைப் புதுப் பெட்டி காட்டிக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். இதைச் சொல்லி, "மொதல்ல குழிய வெட்டு. அதுவரைக்கும் செருப்புப் போட்டு உக்காரு" என்றேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"அந்தப் பொட்டிகிட்ட நான் போறதே இல்லம்மா" என்றார் பாத்திமாம்மா. "கரண்ட் போனாத்தான் போவேன். அப்ப ஈரத்துணியால பளிச்சுன்னு தொடைச்சு வச்சிடுவேன்."

"பிளக்கப் பிடுங்கிட்டுத் தொடைங்கம்மா."

"அய்யோ, பிளக்கத் தொடவே எனக்குப் பயமா இருக்கே!"

என்னை மாதிரியே இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டேன். பிடித்துப்போய்விட்டது.

4. காற்று அடித்த நாள்

ஆடி மாதம். காற்று தஞ்சாவூர்த் தெருக்களில் போர்டுகளையெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் வேலையாகத் திருச்சி போகும் வழியில் ரியாஸ் கடைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, குழியும் வெட்டல, ஒண்ணும் வெட்டல. ஷாக் நின்னுபோச்சு!"

"எப்படி?"

"எங்க தெரு எலக்ட்ரீஷியன் வந்தாரு. பிளக் பாயிண்டத் தொறந்து எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சாரு. டீ ஆறுறதுக்குள்ள வேல முடிஞ்சுது. நீங்க என்னமோ கரி, உப்புன்னு பெருசாச் சொன்னீங்க!"

அந்தத் துண்டு ஒயர்தான் ஆபத்து. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீட்டுக்குள் வரும் கரண்ட் ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாக ஓடி நியூட்ரல் ஒயரில் திரும்பிப் போக வேண்டும். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை அந்தத் துண்டு ஒயரால் ஒன்றும் தெரியாது. காற்றில் நியூட்ரல் மட்டும் அறுந்தால்? வீட்டில் எல்லாம் அணைந்துவிடும். ஆனால் உள்ளே வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு ஒயர் வழியாக, வீட்டின் எல்லா பாயிண்டுகளையும் இணைக்கும் எர்த் ஒயரில் ஏறும். எர்த் மாட்டிய ஒவ்வொரு இரும்பிலும் முழு கரண்ட் நிற்கும். கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ், கிரைண்டர், எல்லாவற்றிலும். வீட்டில் இருப்பவர்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கரண்ட் போனால்தான் பாத்திமாம்மா ஈரத்துணியோடு வருவார்.

"வீட்டுப் போன் நம்பரச் சொல்லு."

"இப்ப எதுக்குக்கா? ஊருக்குப் போயி நானே பிடுங்கிடுறேன்."

"நம்பரச் சொல்லுடா!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வெளியே ஏதோ தகரம் பறந்து விழுந்தது. கர்த்தரே, எடுக்கச் சொல்லும் என்று வாய்விட்டே சொன்னேன். கடைசியில் எடுத்தார்.

"பாத்திமாம்மா, தஞ்சாவூர் ஸ்டெல்லா பேசுறேன். வீட்டுல கரண்ட் இருக்கா?"

"இல்லம்மா, இப்பத்தான் போச்சு. சரி, பொட்டியத் தொடைச்சிடலாம்னு துணிய நனைச்சு எடுத்துட்டு வந்தேன், போன் அடிக்குது."

ரியாஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பல் மறைந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுல கரண்ட் இருக்காம்மா?"

"இரு, பாத்துட்டு வரேன்."

"அம்மா, எதையும் தொடாதீங்க" என்று நான் சொல்வதற்குள் ரிசீவரை வைத்துவிட்டுப் போய்விட்டார். கத்தினேன். காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. கையில் அந்த ஈரத்துணி இருக்குமா? போகிற வழியில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அதில் கை ஊன்றுவாரா? அவ்வளவு நான் அதற்கு முன்பும் பயந்ததில்லை, பிறகும் பயந்ததில்லை. ரியாஸ் "என்னக்கா, என்னக்கா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

காலடிச் சத்தம் திரும்பி வந்தது.

"அங்க டிவி ஓடுதும்மா. நம்ம வீட்டுல மட்டும்தான் இல்ல."

"துணிய அப்படியே கீழ போடுங்க. போட்டுட்டீங்களா? இப்ப நான் சொல்றதக் கேளுங்க. பொட்டி, ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மெயின் ஸ்விட்ச், எதையும் தொடக் கூடாது. நேரா வெளிய போங்க."

"ஏம்மா, கரண்ட்தான் இல்லையே!"

"இருக்கும்மா! லைட்டுலதான் இல்ல, பொட்டியில இருக்கு!"

அவர் குரல் சின்னதாக வந்தது. "வாசக்கதவத் தொடலாமா?"

"மரக்கதவுதானே? தொடலாம். பக்கத்து வீட்டுல சொல்லி லைன்மேனக் கூப்பிடச் சொல்லுங்க. போஸ்ட்டுல ஃபியூஸப் பிடுங்கணும். அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க. அங்கேருந்து எனக்குப் போன் பண்ணுங்க."

எங்கள் கடையில் அன்று யாரும் வேலை பார்க்கவில்லை. ரியாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஜெபமாலையை உருட்டினேன். வந்த கஸ்டமர்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

போன் வந்தது. பாத்திமாம்மாதான்.

"தென்னமட்டை விழுந்து ஒரு ஒயரு மட்டும் அறுந்திருக்காம்மா. லைன்மேன் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில டெஸ்டர வச்சாரு, பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. வாசல்லேருந்து பாத்தவ அங்கேயே உக்காந்துட்டேன். இப்ப ஃபியூஸப் பிடுங்கிட்டாரு."

ரிசீவரை ரியாஸிடம் கொடுத்தேன். "உம்மா" என்றான். குழந்தை மாதிரி அழுதான்.

5. குழி

திருச்சிக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பினான். இரண்டாம் நாள் அந்தப் பெரிய கார்டை அதன் அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"இத எடுத்துக்கிட்டு, நீங்க மொதல்ல சொன்ன சின்னக் கார்டக் குடுங்கக்கா. மிச்சத்துல குழி வெட்டணும்."

குழி வெட்டும்போது நானும் போய் நின்றேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பாத்திமாம்மா எடுத்துக்கொண்டார். ரோஜாச் செடிக்குக்கூட அவ்வளவு ஊற்றியிருக்க மாட்டார். சின்னக் கார்டிலும் கார்கள் நன்றாகவே ஓடின.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பட்ஜெட் போடும்போது கார்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மண்ணிலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள். கஸ்டமர் சிரித்தால் சிரிக்கட்டும். வேலை பார்க்கும் வீட்டில் கரண்ட் போய்விட்டது என்றால், எதையும் தொடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டைப் பாருங்கள்.

ரியாஸ் பிறகு குவைத்துக்குப் போய்விட்டான். போன வாரம் பாத்திமாம்மா போன் பண்ணினார்.

"எல்லா வீட்டுலயும் புள்ளைங்க 'சாப்டியா'ன்னு கேக்குதுங்க. எம்புள்ள நான் போன எடுத்ததும் 'உம்மா, கரண்ட் இருக்கா? பக்கத்து வீட்டுல இருக்கா?'ன்னு கேக்குறான். சிரிப்பா வருதும்மா."

"அப்புறம் சிரிக்கலாம். மொதல்ல சொல்லுங்க, இப்ப இருக்கா?" என்றேன்.