வரட்டும் என்றேன்

கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்கு அருகே குடிநீர்ப் பொறியாளராக இருந்தபோது, பழுது நீக்கிய மோட்டாரை ஆற்றங்கரை அறையில் ஓடவிட்டு, மேட்டிலிருந்த தொட்டியருகே தண்ணீருக்காகக் காத்திருந்தேன். கீழே மோட்டாரைக் கவனித்த பழனிச்சாமி கைப்பேசியில் கூவினார்.

“ஏனுங்க சார், வெள்ளம் வருதுங்க!”

“நல்லது, வரட்டும்” என்றேன். இணைப்பு அறுந்தது.

அலுவலகத்தில் நாள்முழுதும் மலையாளம். அதில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். தொட்டிக்குள் சொட்டு நீரும் விழாதபோதுதான், பேசியவர் தமிழில் பேசினார் என்பது உறைத்தது. மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கியிருக்கிறது! ஓடினேன். நாள்தோறும் பாடும் பதிகத்தில் ஓரடியும் நாவில் எழவில்லை. அறையின் கதவு செந்நீரில் பாதி மூழ்கியிருந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன்.

“மேல பாருங்க சார்!”

கூரையில் நனைந்து குந்தியிருந்தார்.

“வரட்டும்னீங்க, நின்னேன். வந்துருச்சுங்க, ஏறிட்டேன். இன்னும் வேணுங்களா?”

ஊரார் கயிறு வீசி அவரை மீட்டார்கள்.

இன்றும் பூசையில் இறைவனின் அருள்வெள்ளத்தைப் பாடும் இடத்தில் என் குரல் தாழ்ந்துவிடுகிறது. அருளே ஆனாலும், வரட்டும் என்று சொல்லுமுன் கீழே யார் நிற்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.