போன வருடத்துப் புள்ளிகள்

என் அண்ணன் படம் பத்திரிகையில் வந்த அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். கிண்டியவள் நான். படம் எந்தக் காரியத்துக்காக வந்ததோ அந்தக் காரியத்தைச் செய்தவளும் நான்தான். கேசரிக்கு மட்டும்தான் பாராட்டு கிடைத்தது.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் செவல் காடு. தக்காளி, கத்தரி, சில வருடம் வெங்காயம். தொண்ணூறுகளின் நடுவில், நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த மே மாதம், எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. சேனலை மாற்றிக்கொண்டே போனபோது பாரிஸில் செம்மண் தரையில் இரண்டு பேர் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஏத்தா, நம்ம காட்டுல எறங்கி ஆடுறாய்ங்க" என்று அப்பா சிரித்தார். மத்தியான வெயிலுக்கு வீட்டுக்கு வந்தவர் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஒரு வாரத்தில் அவருக்குச் சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை.

என்னைப் பிடித்தாட்டியது ஆட்டத்தைவிட அதன் பின்னால் இருந்த கணக்கு. செவ்வாய்க்கிழமை ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு மூலையில், பொடி எழுத்தில் தரவரிசை வரும். திண்டுக்கல் கமிஷன் கடைக்குக் காய் கொண்டுபோகும் அப்பா எனக்காக அதை வாங்கி வருவார். காய் போகாத செவ்வாய்களில் யாரிடமாவது சொல்லிவிட்டு வரவழைத்துவிடுவார். நான் வெட்டி நோட்டில் ஒட்டுவேன். ஊரில் மற்ற பெண்கள் கோலத்துக்கு நோட்டு வைத்திருந்தார்கள். அம்மா என் நோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போய்க் கணிதம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பட்டியல் என்னைப் படாத பாடு படுத்தியது. ஒரு பெரிய போட்டியில் அரையிறுதி வரை போனவன் தரவரிசையில் கீழே இறங்கியிருந்தான். முதல் சுற்றிலேயே தோற்று மூட்டையைக் கட்டியவன் இருந்த இடத்திலேயே இருந்தான். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பழைய நோட்டை எடுத்துப் போன வருடத்து அதே வாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இறங்கியவன்தான் போன வருடம் அந்தப் பட்டத்தை வென்றிருந்தான். பட்டத்துக்கு அப்போது ஆயிரம் புள்ளி, இறுதியில் தோற்றால் எழுநூறு, அரையிறுதியில் தோற்றால் நானூற்றைம்பது. இந்த வருடம் நானூற்றைம்பது உள்ளே வரும்போது போன வருடத்து ஆயிரம் வெளியே போய்விடுகிறது. நன்றாக ஆடியும் அவனுக்கு ஐந்நூற்றைம்பது நட்டம். முதல் சுற்றில் தோற்றவன் போன வருடமும் முதல் சுற்றில்தான் தோற்றிருந்தான். எந்தப் புள்ளிக்கும் ஆயுள் ஐம்பத்திரண்டு வாரம்தான்.

யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தது அது. நோட்டைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். அப்பா தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, இந்த வரிசை போன வருசத்துத் தக்காளி வெல மாதிரிப்பா. அதப் பாத்து நாத்து நட்டவன் கெட்டான்" என்றேன். எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் தக்காளிக்கு நல்ல விலை போனால் மறு வருடம் எல்லாக் காட்டிலும் தக்காளிதான். பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுவார்கள். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "நீ படிச்ச படிப்புக்கு இதுதான் நெசமாப் புரியிற மாதிரி சொல்லியிருக்க" என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

படிப்பு முடிந்து வீட்டில் இருந்த வருடம், ஓர் ஆங்கில விளையாட்டு வார இதழ் கூப்பன் போட்டி ஒன்றை அறிவித்தது. ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் எட்டு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரனின் அந்த வாரத் தரவரிசைப் புள்ளிதான் அவனுடைய விலை. எட்டுப் பேரின் விலையும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. அந்தப் போட்டியில் அவர்கள் புதிதாக எடுக்கும் புள்ளிதான் நமக்கு மதிப்பெண்.

படித்ததும் சிரித்துவிட்டேன். ஊரே பெரிய பெயர்களை வாங்கி எல்லையைத் தொட்டுவிடும். நானோ போன வருடம் முழங்காலுக்குக் கட்டுப் போட்டு வீட்டில் படுத்திருந்தவனைத் தேடுவேன். அவன் ஆடாததால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாததால் விலை இல்லை. ஆனால் கை மறந்துபோயிருக்காது. போன வருடம் ஒரே ஒரு போட்டியில் அதிர்ஷ்டத்தில் ஏறியவனைத் தொடவே மாட்டேன். எந்தத் தரையில் யார் எடுத்த புள்ளி என்று ஐந்து நோட்டுகள் நிறைய என்னிடம் இருந்தது.

பரிசுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வருடக் கடைசியில் முதலிடம் வருபவருக்குச் சென்னை அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் ஆறு மாதப் பயிற்சி. இதற்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அங்கே உட்கார்ந்து இதையே வேலையாகச் செய்கிறவர்கள். அப்படி ஓர் இடம் உலகத்தில் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வேறெதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. கல்யாணத்தைக்கூட.

கல்யாணம்தான் வழியில் நின்றது. என் ஜாதகம் வெளியே போயிருந்த வருடம் அது. வெற்றி பெறுபவரின் படம் அச்சாகும் என்று கூப்பனில் போட்டிருந்தது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்திரிகையில் படம் வந்தால் ஊர் என்னென்ன பேசும் என்பது எனக்கே மனப்பாடம். அதனால் முட்டாள்தனத்தை நானே செய்தேன்.

"அண்ணே, உன் பேர்ல போட்டுக்குவோமா?" என்று கேட்டவள் நான்தான்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். திண்டுக்கல்லில் ஒரு செல்போன் கடையில் வேலை. இதழை வாங்கி வருவதும் கூப்பனைத் தபாலில் போடுவதும் அவன் பொறுப்பு. "எனக்கு டென்னிசும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. பேர வேணா வச்சுக்க" என்றான். ஜெயித்தால் நடந்ததை எழுதி அனுப்பிவிடலாம், படம் இல்லாமல் பயிற்சியை மட்டும் எனக்குத் தரச்சொல்லிக் கேட்கலாம் என்று பேசிவைத்தோம். அன்று அவன் மனதில் கள்ளம் இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஜெயித்தேன். கடைசிக் கூப்பனில் யாரும் சீந்தாத ஒருவன் இறுதிப் போட்டி வரை போய் என்னைக் கரைசேர்த்தான். அண்ணன் பெயருக்குக் கடிதம் வந்தது. நான் அன்றே ஆங்கிலத்தில் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறை கிழித்துப் போட்டு எழுதினேன். கூப்பன்கள் என்னுடையவை, வீட்டுச் சூழ்நிலையால் அண்ணன் பெயர், சந்தேகமிருந்தால் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஒரு பக்கம். அண்ணன் அதைக் கொண்டுபோனான். "ரிஜிஸ்தர்ல போட்டாச்சு" என்று சாயங்காலம் வந்து சொன்னான்.

மூன்று வாரம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். பதில் வரவில்லை. பயிற்சி தொடங்கும் தேதி வந்துவிட்டது. "நேர்ல போய்ப் பேசிப் பாக்குறேன் புள்ள. நோட்டையும் குடு, காமிக்கிறேன்" என்றான் அண்ணன். ஐந்து நோட்டையும் மஞ்சள் பையில் போட்டு நானே பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். போனவன் திரும்பி வரவில்லை. மேஜையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்துத்தான் அண்ணன் படத்தோடு அந்த இதழில் பேட்டி வந்தது. அப்பா ஆறு பிரதி வாங்கி வந்திருந்தார். கேசரியைக் கிளறி இறக்கிவைத்துவிட்டுப் படித்தேன். தரவரிசை என்பது எங்கள் ஊரில் போன வருடத்துத் தக்காளி விலை போல, அதைப் பார்த்து நடுகிறவர் நட்டப்படுவார் என்று அண்ணன் சொல்லியிருந்தான். கொட்டை எழுத்தில் அதையே தலைப்பாகவும் போட்டிருந்தார்கள். வீட்டில் யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி. ஒரு தங்கை இருக்கிறாள், கூப்பனைக் கத்தரிக்கோலால் அழகாக வெட்டிக் கொடுப்பாள் என்று பதில்.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலையைத் திருடியதைக்கூட ஒருவேளை நான் செரித்திருப்பேன். அந்தக் கத்தரிக்கோல் வரிக்கு என்ன அவசியம்? என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டிருக்கலாமே. யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதற்காக என்னை ஒரு கத்தரிக்கோலாக மாற்றிவிட்டான். அம்மாவிடம் சொல்லி அழுதேன். "உன் அண்ணன்தானடி, யாரோவா?" என்றாள். அவள் வேறென்ன சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

பிறகு அண்ணனிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. நோட்டு அவனிடம் இருந்ததே தவிர அதை அவனால் படிக்க முடியவில்லை. ஒட்டிய பட்டியல்களுக்குக் கீழே என் குறிப்புகளில் ஆட்டக்காரர்களின் பெயரை நான் எழுதியதே இல்லை. நெட்டையன், இடக்கையன், ஒவ்வொரு பந்துக்கும் முகம் துடைப்பவன் துண்டுக்காரன், இப்படித்தான் எழுதியிருந்தேன். "துண்டுக்காரன்னா யாரு புள்ள? இந்த வாரம் அவனுக்கு எம்புட்டுப் போகுது?" என்று திங்கட்கிழமை காலையில் கேட்பான். முதல் வாரம் போனை வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அப்பா கூப்பிட்டு, "அவன் வேலைக்கு எதுவும் ஆயிரப்போகுது, சொல்லு தாயி" என்றார். அப்பா சொல்லி நான் எதையும் தட்டியதில்லை. நோட்டில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். சொன்னேன். வீட்டில் என் பக்கம் இருப்பவர் அவர் ஒருவர்தான் என்று நம்பியிருந்தேன்.

மூன்றாவது திங்கட்கிழமை அண்ணன் ஒரு சுவிட்சர்லாந்துக்காரனின் புள்ளியைக் கேட்டான். நான் வேறொன்று கேட்டேன்.

"என் லெட்டரு அங்க வந்துச்சா இல்லையான்னு ஒருதடவயாச்சும் கேட்டியாண்ணே?"

 "நான் எங்க போட்டேன்? அப்பா வாங்கிக்கிட்டாரு. அவருட்டயே கேளு" என்றான்.

அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். காட்டுக்குக் கிளம்பத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"என் லெட்டரப் போடலயாப்பா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"போடல தாயி. அவன வாசிச்சுக் காமிக்கச் சொன்னேன். ரொம்ப நல்லா எழுதியிருந்த."

"அப்புறம் ஏம்ப்பா போடல?"

"போட்டா கூப்ட்ருவாய்ங்க. கூப்ட்டா நீ போயிருவ."

என்னால் முடியாது என்று நினைத்துத் தடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். என்னால் முடியும் என்று இந்த வீட்டில் சந்தேகமில்லாமல் தெரிந்தவர் அவர்தான். அது தெரிந்ததால்தான் கடிதத்தை அமுக்கிவைத்திருக்கிறார்.  அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

போனில் அண்ணன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தான். இன்னும் பத்து நிமிடத்தில் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். தப்பான எண்ணைச் சொல்லியிருந்தால் அந்த மேஜையில் அவன் மானம் போயிருக்கும். ரிசீவரைக் காதில் வைத்தேன். அந்தச் சுவிட்சர்லாந்துக்காரனின் புள்ளியைச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அப்பாவையும் அண்ணனையும் எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அன்று சரியான எண்ணைச் சொன்னவளை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.